தொரை என்னையக் கடிச்சதே இல்லைங்க

சித்த அக்கட்டால தள்ளி உக்காருங்க அம்மிணி. கூடைக்கு இம்புட்டுக் கிட்ட வேண்டாம். மேல பனியன் துணியில கட்டித்தான் வெச்சிருக்கறேன், ஆனாலும் சந்துல மூக்க நீட்டுவான். உங்க ஆட்டுக்குட்டி வேற பால்குட்டியாட்ட இருக்குது. கழியுதுங்களா? பாவம், கண்ணு உள்ள போயிருச்சு பாருங்க.

இந்த மாட்டாசுபத்திரியில எப்பவும் கூட்டந்தான். உங்க டோக்கன் எத்தனைங்க? முப்பத்தெட்டா. எனக்கு முப்பத்தஞ்சு. இப்ப எத்தனை கூப்புட்டாங்க? இருபத்தாறா! அப்ப எனக்கு முன்னால இன்னும் எட்டுப் பேரு இருக்கறாங்களே. மூணு மணிக்கு கம்பெனி வண்டி பீஸு எடுக்க வந்துரும். வந்து ஊடு பூட்டிக் கெடந்தா அந்த டிரைவரு பையன் ஒரு நிமிசம் நிக்க மாட்டான், திருப்பிப்போட்டுப் போயிருவான். பக்கத்தூட்டுல சாவி குடுத்திருக்கலாம். கை ஓடலைங்க, இன்னைக்குக் காத்தால இருந்தே.

நானுங்களா? பிசிறு வெட்டறேனுங்க. கம்பெனியில தெச்சு முடிச்ச பனியன மூட்டையாக் கொண்டாந்து ஊட்டுல போட்டுருவாங்க. ஓரத்துல, கழுத்துல, கையில நூலு தொங்கும் பாருங்க, அதைய எல்லாம் வெட்டிச் சுத்தம் பண்ணோணும். நாளைக்கு ஆயிரம் பீஸு. பதினெட்டு வருசமாச்சு. என்ற ஊட்டுக்காரரு போனதுக்கப்பறம் பையன இதுலதான் படிக்க வெச்சேன். ருக்குமணி வெட்டுன பீஸுல ஒரு நூலு இருந்ததுன்னு எந்த செக்கிங்காரியும் சொன்னதில்ல. இருங்க, உங்க முந்தியில ஒண்ணு தொங்குது. அசையாதீங்க. ஆச்சு. நூலு வெட்டற கட்டரு எப்பவும் இடுப்புலயே இருக்குமுங்க எனக்கு.

நாயிங்களா? தொரைன்னு பேரு. வெள்ளைக்காரச் சாதி, மீசை தாடியெல்லாம் வெச்சிருக்கறான், அதுனால நாந்தான் பேரு வெச்சேன். டெரியருங்களாமா. வளைக்குள்ள பூந்து எலி புடிக்கற சாதின்னு என்ற பையன் பூபதி அவங்க மொதலாளி ஊட்டுல இருந்து குட்டியா வாங்கிட்டு வந்தான். பீஸு மூட்டைக்கு எலித் தொந்தரவு நெம்ப இருந்துச்சு. வந்த ஒரு மாசத்துல எலி ஒண்ணு இல்ல. அதுக்கப்பறம் அவனே எலி மாதிரி ஆயிட்டான். செருப்பு, ஜன்னத் துணி, தலகாணி. ஒரு நா மூட்டையப் பிரிச்சு இருவது பீஸ நாராக் கிழிச்சுப்போட்டான். கம்பெனியில என்னைய வாய்க்கு வந்தபடி பேசுனாங்க. என்ற பையனோ, குட்டின்னா அப்படித்தான் இருக்கும், நல்லா நடத்திக் கூட்டிப் போய் ஓட உட்டாச் சரியாப் போயிருமுங்கறான். ஓட உடறதுக்கு ஆருக்கு நேரம் இருக்குது?

நான் நேராப் போனது முனியப்பன் கோயிலுக்கு. பூசாரிகிட்ட ஒரு கயிறு மந்திரிச்சுக் குடுங்கன்னேன். நாய்க்காம்மான்னு சிரிச்சாரு. சிரிச்சாலும் குடுத்தாரு. கறுப்புக் கயிறு. கழுத்துல கட்டிரு, அதுவா நைஞ்சு அறுந்து உழுகறப்ப சேட்டையும் போயிரும்னாரு. சரின்னு கொண்டாந்து பாத்தா அது என்ன கயிறுங்கறீங்க, வெறும் பருத்தி நூலு. ஒரு மழையில போயிரும். நூலப் பத்தித் தெரியாத ஆளுன்னா அப்படியே கட்டிருப்பாங்க. நான் சும்மா உடுவனா? கம்பெனி பாலியெஸ்டர் நூல நாலு இழை எடுத்து, அதோட சேத்து முறுக்கி, ஒம்பது முடிச்சுப் போட்டுக் கட்டுனேன். ஆனையக் கட்டி இழுத்தாலும் அறுகாது. ரெண்டு வருசமாச்சு, இன்னும் கெடக்குது பாருங்க. கண்ணுக்குத் தெரியாது, முடிக்குள்ள போயிருச்சு. ஆனா அறுகலைங்க.

இருபத்தேழு கூப்புட்டாங்களா? எருமைக்காரர் போறாரு. எருமைய எப்படி உள்ள கூட்டிப் போவாங்க? ஓ, டாக்டரம்மா வெளிய வர்றாங்களா. அப்ப இன்னும் நேரமாகும்.

ஆமாங்க, சேட்டை நின்னுருச்சு. ஆறு மாசத்துல நின்னே போச்சு. மூலையில படுத்துக்குவான், கூப்புட்டா வரமாட்டான், பாத்துட்டே இருப்பான். நான்கூட, பாத்தியா முனியப்பன் வேலையன்னு பெருமையாப் பேசிட்டிருந்தேன். அப்பறந்தான் கடிக்க ஆரம்பிச்சான். குலைக்கிற நாய் கடிக்காதும்பாங்க. இவன் குலைக்கவே மாட்டான். சத்தமே இல்லாம வந்து ஒரே புடி.

மொதல்ல பால்காரரு. நல்ல மனுசன், தெனமும் தடவிக் குடுக்கறவரு. அன்னைக்கும் குனிஞ்சு, என்னடா தொரைன்னு தாடிக்குக் கீழ சொறிஞ்சு உட்டாரு. வெடுக்குனு மணிக்கட்டப் புடிச்சுட்டான். வெறி புடிச்ச மசை நாயாட்ட இருக்குதேன்னு தெருவே கூடிருச்சு. மசையெல்லாம் ஒண்ணும் இல்ல, ஊசியெல்லாம் போட்டிருக்கறோம். நானே அடியாத மாடு படியாதுன்னு வெளக்குமாத்தை எடுத்து நாலு போட்டேன். வாங்கிட்டு மூலையில போய்ப் படுத்துட்டான்.

அப்பறம் என்ற மருமவ ரேணுகா. உடுமலைப் பக்கம். நல்ல புள்ளைதான், நான் ஒண்ணும் கொறை சொல்லறதில்லைங்க. ஆனாக் கொஞ்சறது அதிகம். நாய மடியில வெச்சுக்குவா, கழுத்தக் கட்டிக்குவா. போன மாட்டுப் பொங்கலுக்கு மணி வெச்ச பட்டை ஒண்ணு வாங்கிட்டு வந்து, மாட்டுக்குக் கட்டறமாதிரி தொரைக்கும் கட்டறேன்னு போனா. முழங்கையில புடுங்கிட்டான். கழுத்துல பட்டை போட உடமாட்டான், சங்கிலி போட உடமாட்டான். குளிப்பாட்ட உடமாட்டான். ஓஸ் பைப்புல தூரத்துல நின்னு தண்ணி அடிச்சாத்தான் உண்டு. அதுதாங்க இந்த நாத்தம். உங்களுக்கும் வருதுங்களா? குளிக்காத நாத்தம்தான், வேற ஒண்ணும் இல்ல.

என்னையவா? ஒருக்காக் கூடக் கடிச்சதில்லைங்க! அதைத்தான் நான் எல்லார்த்துகிட்டயும் சொல்றேன். ரெண்டு வருசத்துல என்ற மேல ஒரு பல்லுப் பட்டதில்ல. ஏன்னா நான் இந்தத் தடவறது, கொஞ்சறது எல்லாம் வெச்சுக்கறதில்ல. சாமி கும்புடற கையி, அதுல போயி நாயத் தொடுவாங்களா? சோத்த வெச்சுப்போட்டுத் தள்ளி நின்னுக்குவேன். மருவாதி இருக்கறவங்களைய நாய்க்குத் தெரியும். ரேணுகாகிட்டச் சொன்னேன், நீ எடம் குடுத்ததுனால மேல ஏறுது, என்னையப் பாரு, கிட்ட வருதான்னு.

சொன்னா மூஞ்சியத் தூக்கிக்குவா.

கொஞ்சம் எந்திரிச்சு நின்னுக்கறேன், காலு மரத்துப்போச்சு. ஏனுங்க அட்டெண்டரு, முப்பத்தஞ்சு எப்ப வருமுங்க? …பாத்தீங்களா, முப்பத்தொண்ணுதான் போகுதாம், உக்காருங்கறாரு. உக்காந்துட்டுத்தான இருந்தேன்.

எதுக்குக் கூட்டியாந்தேன்னு கேக்கறீங்க. ஊசி போட்டர்றதுக்குத்தான். ஒரே ஊசியில தூங்கறமாதிரி போயிருமாமே, எதுத்தூட்டுக்காரரு சொன்னாரு. என்ன பண்றது? இந்தக் கெரகம் புடிச்ச நாயினாலதான் என்ற பேரன் இன்னைக்கு உடுமலையில இருக்கறான். வர்ற வெள்ளிக்கிழமை அவனுக்கு ஒரு வயசு முடியுது, மொட்டை அடிச்சுக் காது குத்தறாங்க. எனக்கு அழைப்பில்ல. சொந்தப் பேரனுக்குங்க! பூபதி போன்ல சொல்லிட்டான், நாய வெளிய தாட்டி உட்டுட்டேன்னு சொல்லும்மா, அடுத்த பஸ்ஸுக்குக் கூட்டிட்டு வர்றேன், அது இருக்கற ஊட்டுல கைக்கொழந்தைய வெச்சுக்க முடியாதுன்னு. அவன் சொல்றதும் நியாயந்தான். ஆரு வாங்குவாங்க இந்தக் கடிநாய? ரெண்டு எடத்துல கேட்டுப் பாத்தேன். ரோட்டுல உட்டா அடிச்சே கொன்னுருவாங்க. அதுக்கு ஊசி தேவலையில்லைங்களா?

காத்தால வர்க்கி பிஸ்கோத்து ரெண்டு போட்டுத்தான் கூடைக்குள்ள ஏத்துனேன். எங்கியோ ஊருக்குப் போறமாட்ட வாலாட்டிட்டு ஏறிட்டான். அது ஒண்ணுதான் மனசுல நிக்குது. உடுங்க.

ரேணுகா போனது நாயினால மட்டும் இல்லைங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நாளைக்கு நீங்க ஆரோ நான் ஆரோ. ரெண்டரை மாசத்துக்கு முந்தி அது. என்ற பேரன் தர்சன், கொழுகொழுன்னு இருப்பான். பாக்கறவங்க கண்ணு சும்மா இருக்குமா? ராப்பகலா அழுகை. பூசாரிகிட்டப் போயி கயிறு வாங்கியாந்தேன். தொரைக்கு முறுக்குனமாதிரியே நாலு இழை போட்டு முறுக்கி, கையில கட்டி உட்டேன். அழுகை நிக்கலை. அத்தை, இது இறுக்கமா இருக்குது, சதையில பதியுதுன்னு ரெண்டு தடவை சொன்னா. சதை புடிச்ச கொழந்தைக்குக் கையில மடிப்பு உழுகத்தான செய்யும்? நான் அப்படியே இருக்கட்டும்னு சொல்லிப்போட்டேன்.

ஒரு நா நான் கம்பெனிக்குப் போயிட்டு வர்றேன், கயிறு கீழ கெடக்குது. அறுத்துப்போட்டா! எதுல அறுத்தா தெரியுங்களா? என்ற கட்டர எடுத்து. பீஸு வெட்டற என்ற கட்டர எடுத்து, மந்திரிச்ச கயித்த. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. பாருங்க அத்தைன்னு கொழந்தை கையக் காட்டறா. சுத்தி செவப்பா ஒரு கோடு. கோடுதான? ரெண்டு நாளுல போயிரும். நான் பேசுனதுல ஊட்டு ஓடெல்லாம் அதிர்ந்துபோச்சு. பெத்த கொழந்தைக்கே கெட்டது நெனைக்கறவளான்னு கேட்டேன். ஆமா கேட்டேன். அவ கொழந்தையத் தூக்கிட்டு உள்ள போயிட்டா.

மறுநாக் காத்தால. அதுதான் நடந்துச்சு. அத்தை, தொரை கழுத்துல என்னமோ புண்ணாட்ட நாத்தம் அடிக்குது, பாக்கறேன்னு போனா. கிட்டப் போகாதன்னேன். போனா. முடிய வெலக்கறா, அவன் புடிச்சான் பாருங்க, உள்ளங்கையில மூணு ஓட்டை. ரத்தம் சொட்டுது, கொழந்தை கத்தறான், பூபதி ஓடியாறான். எனக்கு அந்த நேரத்துல வாயில என்ன வந்துச்சோ, சொல்லிப்போட்டேன். கயித்த அறுத்த கையவே புடிச்சிருச்சு பாத்தியா, சாமி கண்ணத் தொறந்திருச்சுன்னு.

சொல்லியிருக்கக் கூடாதோ என்னமோ. ஆனா அப்ப எல்லார்த்துக்கும் அப்படித்தான தோணும்? நேத்து அறுக்கறா, இன்னைக்கு அதே கையி. நீங்களே சொல்லுங்க.

அவ கைக்குத் துணியச் சுத்திக்கிட்டு என்னைய ஒரு பார்வை பாத்தா. அம்புட்டுத்தான். ஆசுபத்திரியில ஊசி போட்டுட்டு அப்படியே உடுமலைக்குப் போயிட்டா. பையனும் பொறகாலயே போயிட்டான். போனு போட்டா எடுக்கறதில்ல. பூபதி எடுத்தா ரெண்டு வார்த்தை. ஊட்டுல நானும் தொரையும்தான். பீஸு வெட்டிட்டே இருப்பேன், அவன் மூலையில இருந்து என்ற மூஞ்சியவே பாத்துட்டிருப்பான். என்னடா பாக்கறேன்னு கேட்டா தலையத் திருப்பிக்குவான், அதுவும் முழுசாத் திருப்ப மாட்டான்.

முப்பத்தஞ்சா? ருக்குமணின்னா கூப்புட்டாங்க? இந்தாங்க வர்றேன், வர்றேன். கூடையோட இந்த முனையச் சித்தப் புடிக்கறீங்களா? வேண்டாம் வேண்டாம், நீங்க குட்டியப் பாருங்க. நானே தூக்கிக்கறேன். போயிட்டு வர்றேன் அம்மிணி.

*

நீங்க இன்னும் போகலைங்களா? முப்பத்தாறுல நிக்குதா? என்னாலதான் இருக்கும். முக்கா மணி நேரமாயிருச்சு உள்ள.

இல்லைங்க. உசுரோடதான் இருக்கறான். மயக்கத்துல கெடக்கறான், இப்பத் தெளிஞ்சுருமாம். கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க.

சின்ன வயசு டாக்டரம்மா. நான் ஊசின்னு சொன்னதும் பேனாவக் கீழ வெச்சுட்டாங்க. எதுக்குன்னாங்க. கடிக்கறான்னேன். எங்க தொட்டாக் கடிக்கறான்னாங்க. நான் என்னத்தக் கண்டேன்? பால்காரருக்குத் தாடிக்குக் கீழ. ரேணுகாவுக்குப் பட்டை கட்டறப்ப. அப்பறம் முடிய வெலக்கறப்ப. சொல்லிட்டே வர்றேன், சொல்லச் சொல்ல எனக்கே தெரிஞ்சுதுங்க. மூணும் ஒரே எடம், கழுத்து.

வாயக் கட்டி, மயக்க ஊசி போட்டு, மெசின வெச்சுக் கழுத்து முடிய வழிச்சாங்க. அந்த நாத்தம் அப்படியே எந்திரிச்சுது. என்னையக் கிட்ட வந்து பாருங்கம்மான்னாங்க. கயிறு இல்லைங்க அங்க. தோலுதான் இருக்குது. ஒரு எடத்துல மட்டும் கறுப்பா ஒரு முடிச்சு. அதுக்கு ரெண்டு பக்கமும் கயித்துக்கு மேலயே சதை வளந்து மூடியிருச்சு. குட்டியில கட்டுனது. அவன் வளந்தான், அது வளரலை.

கோயில் கயிறா இருந்தா எப்பவோ நைஞ்சு உழுந்திருக்கும்மா, இது என்ன நூலுன்னு கேட்டாங்க. பதினெட்டு வருசம் நூலோட இருக்கறவ. எனக்குத் தெரியாத நூலா அது?

அவங்க கத்தரி உள்ள போக மாட்டீங்குது. நான் சட்டுனு இடுப்புல இருந்து கட்டர எடுத்து நீட்டுனேன். இது நூலுக்கடியில பூந்துரும் டாக்டர், இதுல வெட்டுங்கன்னேன். வேண்டாம்மா, அது சுத்தம் பண்ணுனது இல்ல, நீங்க தள்ளி நில்லுங்கன்னுட்டாங்க. கையில அதையப் புடிச்சிட்டு நின்னேன். அவங்க கீறி, ஒவ்வொரு முடிச்சா எடுத்து ஒரு தட்டுல போட்டாங்க. நான் எண்ணிட்டே நின்னேன். ஒம்பது.

முடிச்சுட்டுக் கேட்டாங்க, நீங்க இவனத் தொட்டுப் பாத்து எத்தனை நாளாச்சும்மான்னு.

கயிறு கட்டுன அன்னைக்குத்தானுங்க, அப்பறம் தொட்டதே இல்லைங்கன்னேன்.

அவங்க திட்டலைங்க. திட்டியிருந்தாத் தேவலை. கையக் கழுவிட்டே சொன்னாங்க, இந்த வலிய வெச்சுக்கிட்டு ரெண்டு வருசத்துல மூணே தடவைதான் கடிச்சிருக்குதுன்னா, இது நெம்பப் பொறுமையான நாயும்மா, ஊசியெல்லாம் வேண்டாம், மருந்து போட்டுப் பாருங்கன்னு. வெளக்குமாத்துல அடிச்சதை நான் சொல்லலை அவங்ககிட்ட. உங்ககிட்டத்தான் சொல்லியிருக்கறேன்.

அம்மிணி, உங்க குட்டி கழுத்துக் கயித்தக் காட்டுங்க. ரெண்டு வெரலு உள்ள போகுதா? பாருங்க, நல்லாப் பாருங்க. போகுது. சரி.

இத பாருங்க, முழிக்கறான். தொரை. டேய் தொரை. வாலு அசையுது. மொதல் தடவையாத் தடவிக் குடுக்கறேங்க இவன. காது இம்புட்டு மெதுவா இருக்குமுன்னு எனக்குத் தெரியாது. அந்தப் புள்ளை மடியில வெச்சிட்டு உக்காந்திருக்கறப்ப, என்னத்தைத்தான் கொஞ்சறாளோன்னு நெனைப்பேன்.

அவ சொன்னாளுங்க. அத்தை, இறுக்கமா இருக்குதுன்னா. அத்தை, புண்ணாட்ட இருக்குதுன்னா. ரெண்டுத்துக்கும் அவளையத்தான் பேசுனேன். சாமி கண்ணத் தொறந்திருச்சுன்னு சொன்னேன் பாருங்க…

கம்பெனி வண்டி கெடக்குது உடுங்க. திருப்பிட்டுப் போனாப் போகட்டும்.

ஏனுங்க அம்மிணி, உங்க போனச் சித்தக் குடுக்கறீங்களா? ஒரே ஒரு கால் பண்ணிக்கறேன். என்ற நம்பர்ல போட்டா அவ எடுக்கறதில்ல. புது நம்பர்னா எடுப்பா. நம்பரு மனப்பாடமாத் தெரியும், நீங்களே அமுத்துங்க. ஆங். போகுதுங்களா? நீங்களே பேசிருங்க. நாய்க்குச் சரியாயிருச்சாம், கழுத்துல புண்ணாம், இனிக் கடிக்காதாம், ஊட்டுக்கு வரலாமாமுன்னு சொல்லிருங்க. நான் பக்கத்துல இருக்கறேன்னு சொல்ல வேண்டாம். கயித்தப் பத்தி… கயித்தப் பத்தி நீங்க சொல்ல முடியாதில்லைங்களா. அது நான் சொல்லோணும்.

எடுத்துட்டாளா? குடுங்க, குடுங்க.

அலோ. ரேணுகா. வெச்சுராத கண்ணு, அத்தைதான் பேசறேன். வெச்சுராத. உன்ற கையி ஆறிருச்சா? பையன் கையில அந்தக் கோடு… அது போயிருச்சா கண்ணு?